நோய் தெரிந்த வாரத்தில் நிலத்தை விற்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்துக் குடும்பம். அண்ணனுக்கு 41 வயது. கப்பலூர் தொழிற்பேட்டையில் மாதம் 18,000 ரூபாய்ச் சம்பளம். பெருங்குடலில் புற்றுநோய் என்று பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கை வந்திருக்கிறது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையும் கீமோவும் சேர்த்து ஆறு லட்சம் ஆகும் என்றும், ஒன்றரை லட்சம் முன்பணம் கட்டிவிட்டு உடனே சேரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அண்ணி தையல் கம்பெனிக்குப் போகிறார். பிள்ளைகள் இருவர் பள்ளியில் படிக்கிறார்கள். கையில் இருப்பது அண்ணியின் நகையும் ஒரு ஏக்கர் பூர்விக நிலமும். இரண்டில் எதை முதலில் விற்பது என்று தம்பி கேட்கிறார்.

இரண்டையும் இந்த வாரம் விற்க வேண்டாம் என்பதே என் பதில். குடல் அடைப்போ கடும் இரத்தப்போக்கோ இருந்தால் அது அவசரம். அப்போது எந்தக் கணக்கும் பார்க்காமல் அருகில் உள்ள மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும். அப்படி இல்லாத நிலையில், ஸ்கேன் எடுத்து, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, இரண்டாவது மருத்துவரிடமும் காட்டி முடிவெடுக்கச் சில நாள்கள் எடுத்துக்கொள்வதில் பொதுவாகத் தீங்கில்லை. எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடமே நேரடியாகக் கேளுங்கள். அந்தச் சில நாள்களில் செய்கிற காரியங்கள்தான் அடுத்த சில ஆண்டுகளுக்குக் குடும்பம் கடனில் கிடக்குமா, தலைநிமிர்ந்து நிற்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. நோய் வந்து நொடித்துப்போன குடும்பங்களைப் பார்த்தால், அறுவைச் சிகிச்சைக் கட்டணத்தால் மட்டும் நொடித்தவை குறைவு. அந்தக் கட்டணத்தை அவசரத்தில் எங்கிருந்து புரட்டினார்கள் என்பதாலும், அதற்குப் பிறகு வருமானம் நின்றுபோன மாதங்களாலும் நொடித்தவைதான் மிகுதி.

ஆறு லட்சம் என்பது மருத்துவமனையின் கணக்கு. குடும்பத்தின் கணக்கு வேறு. அறுவைக்குப் பிறகு கீமோ தேவைப்பட்டால், வழக்கமான முறைகளில் ஒன்று மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டுச் சுற்று, அதாவது ஏறத்தாழ ஆறு மாதம். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் இரத்தப் பரிசோதனை உண்டு. வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் அந்தச் சுற்று ஒரு வாரம் தள்ளிப்போகும். வந்து போன பயணச் செலவும் அன்றைய கூலியும் வீண். சிலருக்குத் தற்காலிகமாக வயிற்றில் மலத்துளை வைத்துப் பை பொருத்துவார்கள். அந்தப் பைகளை மாதந்தோறும் வாங்க வேண்டும், ஆனால் எந்த மதிப்பீட்டுத் தாளிலும் அது இருப்பதில்லை. சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை சி.இ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை, குறித்த காலத்தில் சி.டி. ஸ்கேன், ஓராண்டு வாக்கில் கொலனோஸ்கோபி (குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) என்று கண்காணிப்பு சில ஆண்டுகள் நீளும். இவற்றோடு, உடன் இருந்து பார்த்துக்கொள்ளும் அண்ணியின் சம்பளமும் நிற்கும். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருப்பதாக மத்திய அரசின் தேசியச் சுகாதாரக் கணக்குகள் சொல்கின்றன. குறைந்தது நல்லதுதான், ஆனால் இழந்த கூலி அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அண்ணனின் சம்பளச் சீட்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனம் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால், அவருடைய சம்பளத்தில் 0.75 விழுக்காடும் நிறுவனத்தின் பங்காக 3.25 விழுக்காடும் இ.எஸ்.ஐ.க்குக் கட்டப்பட்டிருக்க வேண்டும். சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா, காப்பீட்டு எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாதந்தோறும் நூற்றுச் சொச்சம் ரூபாய் பிடிக்கிறார்களே என்று சலித்துக்கொண்டிருப்பவர்கள் பலர், அது எதற்கு என்று தெரியாமலேயே தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அவர் பெயர் பதிவான இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் வழியாகத் தத்தனேரியில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து புற்றுநோய்ச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறுவதே வழி. தகுதிக்குரிய பணிக்காலமும் சந்தா நாள்களும் நிறைந்திருந்தால் சிகிச்சைச் செலவுக்கு இ.எஸ்.ஐ.யில் உச்சவரம்பு கிடையாது. பரிந்துரை இல்லாமல் நீங்களாகப் போய்ச் சேர்ந்துவிட்டுப் பிறகு ரசீதை நீட்டினால் பணம் திரும்பக் கிடைப்பது மிகக் கடினம்; அதனால்தான் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சொல்கிறேன்.

சிகிச்சையைவிட அதிகம் பேர் தவறவிடுவது இ.எஸ்.ஐ. தரும் நோய்க்கால உதவித்தொகையை. சாதாரண நோய்க்குச் சராசரிச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். புற்றுநோய், காசநோய் உள்ளிட்ட 34 நெடுநாள் நோய்களுக்கு, இரண்டாண்டு தொடர்ந்து வேலையில் இருந்து குறித்த அளவு சந்தா கட்டியவர்களுக்கு, 91 நாளுக்குப் பிறகு 80 விழுக்காடு வீதம் நீட்டித்த உதவித்தொகை உண்டு; அது இரண்டாண்டு வரை போகலாம். உங்கள் அண்ணனுக்குக் கணக்குப் போட்டால் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 12,600 ரூபாய் அளவிலும், பிறகு 14,400 ரூபாய் அளவிலும் வரும். இரண்டாண்டுக்கும் முழுதாகக் கிடைத்தால் மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு அரிசியும் இதில் ஓடிவிடும். இதற்குத் தேவை ஒன்றுதான்: இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் நோய்ச் சான்றிதழை இடைவெளி விடாமல் வாங்கிச் சேர்ப்பது. கீமோ போட்டுச் சோர்ந்து படுத்திருக்கிற மனிதரை இதற்காக அலைய விடாமல், நடைமுறையைக் கேட்டு அறிந்து அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த எச்சரிக்கை ஒன்று. நீண்ட விடுப்பு என்றதும் சில நிறுவனங்களில், "எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, சரியானதும் வா, சேர்த்துக்கொள்கிறோம்" என்று பரிவோடு சொல்வார்கள். பரிவு உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. பணியில் இருக்கும்போது நேரும் இறப்புக்கு வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த காப்பீடு 7 லட்சம் ரூபாய் வரை தருகிறது. விலகிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இந்த நேரத்தில் அதைப் பேசுவது கல் மனம் என்று தோன்றும். ஆனால் மனிதர் நன்றாகத் தேறி வருவார் என்று நம்புவதற்கும் அவருடைய உரிமைகளை உயிரோடு வைத்திருப்பதற்கும் முரண்பாடு ஏதும் இல்லை. மருத்துவச் சான்றோடு விடுப்புக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள்.

நிறுவனம் இ.எஸ்.ஐ. கட்டவே இல்லை, அல்லது சம்பளச் சீட்டே கிடையாது என்றால் அடுத்த வழி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இன்றைய பெயருக்கு மாறி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தகுதிக்கான ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்து பிறகு 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. மாதம் 18,000 என்றால் ஆண்டுக்கு 2,16,000 ஆகிறது. அண்ணியின் சம்பளமும் சேரும். எனவே சம்பளம் வந்துகொண்டிருக்கும் வரை இந்தத் திட்டத்தில் உங்கள் அண்ணனுக்கு இடம் கிடைப்பது கடினம். ஆனால் நாளை சம்பளமும் நின்று உதவித்தொகையும் முடிந்தால் குடும்பத்தின் வருமானம் உண்மையாகவே அந்த வரம்புக்குக் கீழே வந்துவிடும். அப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் புதிய வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் விண்ணப்பிக்க முடியும். ஒருமுறை தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக அந்தக் கதவு என்றைக்கும் மூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் கேட்க 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

இந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டியது, சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று தொகுப்பு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொகுப்புக்குள் வருவதற்குத் தனியாகப் பணம் கேட்டால், மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஆட்சியர் அலுவலக வாசலில் ஆயிரமும் இரண்டாயிரமும் கேட்பவர்களிடம் நிற்க வேண்டாம். அட்டைக்குக் கட்டணம் கிடையாது.

அட்டை எதுவும் இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கும், அதைச் சேர்ந்த பாலரெங்காபுரம் புற்றுநோய் மையத்தில் கீமோ, கதிர்வீச்சுக்கும் வழி உண்டு. கூட்டம் இருக்கும், காத்திருப்பு இருக்கும், வார்டில் வசதி குறைவாக இருக்கும். இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அடிப்படைக் கீமோ மருந்துகள் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை. தனியாரில் ஏறுவதும் அங்கே ஏறுவதும் அதே மருந்துதான். அறுவையைத் தனியாரில் செய்துகொண்டு கீமோவை அரசு மருத்துவமனையில் தொடர்ந்தாலே செலவு வெகுவாகக் குறையும். அப்படி இடம் மாறுவதற்கு வசதியாக, பயாப்ஸி எடுத்த இடத்திலிருந்து அறிக்கையை மட்டும் வாங்கினால் போதாது. திசு பதிந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும், அதாவது பிளாக், ஸ்லைடு என்று அவர்கள் சொல்வதையும், ஸ்கேன் பதிவான குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். இவை கையில் இருந்தால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலோ இரண்டாம் கருத்துக் கேட்கப் போனாலும் மறுபடி திசு எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. புற்றுநோயாளிகளுக்கு இரயிலில் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்பதனப் பெட்டியிலும் கட்டணம் முழுவதும், உடன் செல்பவருக்கு முக்கால் பங்கும் சலுகை உண்டு. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையின் சான்று வேண்டும். மதுரைக்குள் வந்துபோக அண்ணிக்கு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். எட்டுச் சுற்றுக்கும் ஆட்டோ என்றால் அதுவே ஒரு தொகை.

தனியாரிலேயே தொடர்வது என்று முடிவு செய்தால், மொத்த மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அறுவை, தங்கும் அறை, மருந்து, பரிசோதனை, கீமோ என்று பிரித்துக் கேளுங்கள். மருந்தை அவர்கள் கடையிலேயேதான் வாங்க வேண்டுமா என்றும் கேளுங்கள், ஏனென்றால் ஒரே மூலப்பொருள் உள்ள கீமோ மருந்துக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை பெரிதும் வேறுபடும். இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் கதை இதற்கு நல்ல சான்று. மூல நிறுவனத்தின் மாத்திரை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றபோது, இந்திய நிறுவனங்களின் அதே மருந்து பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைத்தது. அதற்குக் காப்புரிமை தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்ததால் அந்த வழி அடைபடாமல் இருந்தது. ஆகவே, "இதே மருந்தில் விலை குறைந்தது இருக்கிறதா, ஐயா?" என்று மருத்துவரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நல்ல மருத்துவர்கள் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கிறார்கள். நோய் முற்றிய கட்டத்தில் விலையுயர்ந்த புதிய மருந்து எதையாவது சொன்னால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இது நோயைப் போக்குவதற்கா, நாளை நீட்டிப்பதற்கா, நீட்டிப்பது என்றால் பொதுவாக எவ்வளவு? பதில் தெரிந்த பிறகு முடிவெடுப்பது அண்ணனின் உரிமை. அவரிடம் மறைத்துவிட்டு உறவினர்கள் கூடி முடிவெடுத்துச் சொத்தை விற்பதை நம் பக்கத்தில் பாசம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இதற்கெல்லாம் பிறகும் பணம் தேவைப்படும். அப்போது எந்த வரிசையில் எடுப்பது என்று பார்ப்போம். சேமிப்பு இருந்தால் அது முதலில். அடுத்தது வருங்கால வைப்பு நிதியிலிருந்து நோய்க்கான முன்பணம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் அதை முடித்துப் பணம் வாங்குவதற்குப் பதில் அதன் மேல் கடன் கேளுங்கள், ஏனென்றால் இந்த நோய்க்குப் பிறகு அவருக்குப் புதிய பாலிசி கிடைப்பது அரிது. பிறகு நகை: விற்காமல் வங்கியிலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ அடகு வையுங்கள். தவணை முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்து, அசல் கட்ட முடியாவிட்டாலும் வட்டியைக் கட்டி மாற்றி வைக்க முடியுமா என்று அந்தத் தேதிக்கு முன்பே போய்க் கேளுங்கள். ஏல அறிவிப்பு வந்த பிறகு போனால் பேச்சுக்கு இடம் குறைவு.

கைமாற்று வட்டிக்குப் போவதற்கு முன் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்பது கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். மூன்று லட்சத்துக்கு மாதம் 9,000 ரூபாய், அண்ணனின் சம்பளத்தில் பாதி. பத்து வட்டி என்றால் மாதம் 30,000. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று ஓடுகிறவை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. மிரட்டினால் காவல் துறையிலும் ஆட்சியரிடமும் புகார் கொடுக்கலாம். ஆனால் அதைவிட முக்கியம், கடனுக்கு ஈடாக நிலத்தைக் கிரயமாகவோ கிரய ஒப்பந்தமாகவோ பவர் பத்திரமாகவோ எழுதித் தரச் சொன்னால் எழுந்து வந்துவிடுவது. "பணத்தைக் கொடுத்ததும் ரத்து செய்துகொள்ளலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி எழுதிக் கொடுத்து, ஒரு லட்சத்துக்காகப் பல லட்சம் பெறுமான நிலத்தை இழந்தவர்கள் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள்.

உறவு முறையில் உதவி கேட்பதைப் பற்றி ஒரு சொல். காதுகுத்துக்கும் வசந்த விழாவுக்கும் பத்திரிகை அடித்து, கொடுத்த செய்முறையை, அதாவது மொய்யை, திரும்ப வாங்க நம் பக்கத்தில் யாரும் கூச்சப்படுவதில்லை. வீட்டில் புற்றுநோய் என்றால் மட்டும் வாயைத் திறப்பதில்லை, பெண் பிள்ளை இருக்கிறது, நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது இடையூறு என்ற பயம். இந்தப் பயத்துக்கு விலை மூன்று வட்டி. செய்முறை நோட்டை எடுத்து, நாம் செய்திருக்கிற வீடுகளுக்கு நீங்களும் ஒரு பெரியவரும் நேரில் போய் விஷயத்தைச் சொன்னால், எல்லோரும் கொடுக்காவிட்டாலும் சிலர் நிச்சயம் கொடுப்பார்கள். அதற்கு வட்டி இல்லை, இன்னொரு விசேஷத்தில் திரும்பிப் போய்ச் சேரும்.

இப்போது மருத்துவக் காப்பீடு எடுத்துவிடலாம் என்று யாராவது முகவர் வந்தால், அண்ணனுக்கு அது பயன்படாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு நிறுவனங்கள் மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். மறைத்து எடுத்தால் கோரிக்கை வரும்போது தள்ளிவிடுவார்கள். மற்றவர்களுக்கு, குறிப்பாக உங்களுக்கு, எடுப்பது நல்லது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. கூடப் பிறந்தவருக்கு இந்த வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்திருப்பதால் உங்களுக்குக் கொலனோஸ்கோபி தேவையா, எப்போது என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக நிலம். அறுவை முடிந்து, எடுத்த திசுவின் முழு அறிக்கை வந்த பிறகே நோயின் கட்டமும் அடுத்து எவ்வளவு சிகிச்சை என்பதும் தெளிவாகும். அதற்கு முன் விற்றால் எவ்வளவுக்காக விற்கிறோம் என்றே தெரியாமல் விற்கிறோம். ஆஸ்பத்திரிக்காக விற்கிறார்கள் என்று ஊரில் தெரிந்துவிட்டால் வாங்குகிறவர் விலையை இறக்குவார், அது உலக வழக்கம். மொத்தமாக ஒரு தொகை தேவைப்பட்டே தீரும் என்றால், விற்பதற்கு முன் ஒத்திக்கு விட முடியுமா என்று பாருங்கள். குறித்த ஆண்டுகளுக்குப் பணம் கொடுத்தவர் பயிர் செய்துகொள்வார், பணத்தைத் திருப்பியதும் நிலம் நமக்கு வரும். ஆனால் அதைப் பதிவு செய்து எழுதுங்கள், வெற்றுத் தாளில் வேண்டாம். பூர்விக நிலம் என்பதால் உங்கள் இருவரின் கையெழுத்தோடு வேலை முடிந்துவிடாது. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் 2005இல் வந்த மத்தியத் திருத்தமும் பெண் மக்களுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு தந்திருக்கின்றன. அக்கா, தங்கை இருந்தால் அவர்களிடம் இப்போதே பேசுங்கள். ஒரு வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டுங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் வாரிசுச் சான்று, பெயர் மாற்றம் என்று வாரங்கள் பிடிக்கும். வில்லங்கச் சான்றையும் பட்டா நகலையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். ஒத்திக்கும் அவை தேவை, ஒருவேளை விற்கத்தான் வேண்டும் என்றாலும் பதற்றமில்லாமல் விலை பேச அவை தேவை.